பூனைக்காலியின் பேரால்

பெரியப்பாவின் அலமாரியில் அந்தப் புட்டி இன்னும் இருக்கிறது. பச்சை மூடி. லேபிளில் ஒரு மூளைப் படம், அதைச் சுற்றி இலைகள். "மூளைச் செல்களைக் காக்கும் 11 பொருள்களின் அபூர்வச் சேர்க்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பூனைக்காலி, அமுக்கரா, வல்லாரை, மஞ்சள் சாறு, மிளகுச் சாறு, கோ-என்சைம் க்யூ10, வைட்டமின் ஈ, வைட்டமின் பி6 என்று பட்டியல் நீள்கிறது. எது எத்தனை மில்லிகிராம் என்று தேடினால் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடை. கண்ணாடி போட்டுக்கொண்டு புட்டியைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், இன்னொரு வரி: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல.

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 30 வருடம் ஷிப்ட் பார்த்தவர். அறுந்த இழையை மெஷின் ஓட்டத்திலேயே இரண்டு விரலால் ஒட்டிவிட்டுப் போகிற வேலை. அதே விரல்கள்தான் முதலில் நடுங்க ஆரம்பித்தன. மதுரையில் நரம்பு டாக்டரிடம் காட்டி, பார்க்கின்சன் என்று தெரிந்து, லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் டீக்கடை வரைக்கும் தானே நடந்துபோய்ப் பேப்பர் படித்துவிட்டு வருகிற அளவில்தான் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஒருவர் சொன்னாராம்: "அந்த இங்கிலீஷ் மாத்திரை நடுக்கத்த மட்டும்தான் அமுக்கும் அண்ணாச்சி. உள்ள செல்லு செத்துக்கிட்டேதான் இருக்கும். இது அந்தச் செல்லையே காப்பாத்தும். எல்லாம் நம்ம மலையில வெளையிற மூலிகைதான்."

அவர் ஏமாற்ற நினைத்துச் சொன்னவரில்லை. அண்ணன் அன்று ராத்திரியே ஆர்டர் போட்டான். புட்டி வந்ததும் பெரியப்பா மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினார். நான்காம் நாள் கடும் காய்ச்சல். உடம்பு பலகை மாதிரி விறைத்துவிட்டது. யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வெறித்துப் பார்த்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம், உயிரே போகலாம் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. பெரியப்பா பிழைத்தார். டீக்கடைக்குத் தனியாகப் போவது மட்டும் அதோடு நின்றது.

எனக்குக் கோபம் அந்த லேபிளில் உள்ள இரண்டு சொற்கள் மேல்: 'காக்கும்', 'சேர்க்கை'. இரண்டும் நல்ல சொற்கள். இரண்டுக்கும் பின்னால் பல்லாயிரம் நோயாளிகள் தங்கள் உடம்பைக் கொடுத்து எழுதிய வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு என்ன சொல்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

*

கல்யாண வீட்டில் அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதுதான் இந்த வியாபாரத்தின் பலமே.

மூளையின் நடுப்பகுதியில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று கறுப்பாக ஒரு சின்ன இடம். அங்குள்ள செல்கள் டோபமின் என்ற பொருளைச் செய்கின்றன. உடம்பின் அசைவு சீராக நடக்க அது வேண்டும். பார்க்கின்சனில் அந்தச் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும் நாளில் அவற்றில் பெரும்பங்கு, சில கணக்குகளின்படி பாதிக்கும் மேல், ஏற்கெனவே போயிருக்கும். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. குறைந்ததை ஈடு கட்டுகிறது. செத்த செல்லை எழுப்பாது. சாகப்போகிற செல்லைக் காப்பாற்றும் என்பதற்கும் நிரூபணம் இல்லை. கிணறு வற்றிப்போன ஊருக்கு லாரித் தண்ணீர் வருகிற மாதிரி. லாரி வந்தால் கிணறு ஊறாது. ஆனால் கிணறு ஊறவில்லையே என்று கோபப்பட்டு லாரியை நிறுத்தினால் ஊர் என்ன ஆகும்?

இப்போது இரண்டாவது பாதி. 'செல்லையே காப்பாத்தும்'. இன்றைய தேதி வரை, மனிதர்களில் பார்க்கின்சன் நோயின் ஓட்டத்தை நிறுத்தும் அல்லது மெதுவாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. இங்கிலீஷ் மருந்திலும் இல்லை, சித்தாவிலும் இல்லை, ஆயுர்வேதத்திலும் இல்லை. தேடாமல் இல்லை. தேடிய கதையை லேபிளில் உள்ள பொருள்களை வைத்தே சொல்லலாம்.

வைட்டமின் ஈ. அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ, ஒன்றுக்கு டெப்ரெனில் என்ற மருந்து, ஒன்றுக்கு இரண்டும் சேர்த்து, ஒன்றுக்கு வெற்று மாத்திரை. டேட்டாடாப் என்று பேர். 1993-இல் முடிவு வந்தது: வைட்டமின் ஈ தனியாகவும் பயனில்லை, சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பயனில்லை. டெப்ரெனில் எடுத்தவர்களுக்கு லெவோடோபா தேவைப்படும் நாள் தள்ளிப்போனது. அதற்கும் செல்லைக் காத்ததுதான் காரணம் என்று சொல்ல முடியவில்லை, அறிகுறியைக் குறைத்ததாலேயே அப்படி ஆகியிருக்கலாம்.

கோ-என்சைம் க்யூ10. 600 நோயாளிகள். நாளுக்கு 1200 மில்லிகிராம், 2400 மில்லிகிராம் என்று பெரிய அளவுகள். பலன் வர வாய்ப்பில்லை என்று தெரிந்து 2011-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கிரியாட்டின்: 1741 நோயாளிகள், நாளுக்கு 10 கிராம், வருடக்கணக்கில். 2013-இல் அதையும் நிறுத்தினார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். க்யூ10-ஐயும் கிரியாட்டினையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்த ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. தனித்தனியாகக் கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது மூளைச் செல்கள் கூடுதலாகப் பிழைத்தன. அழகான முடிவு. அடுத்த நான்கு வருடத்துக்குள் இரண்டு பொருள்களும், தனித்தனியே, மனிதர்களிடம் தோற்றன. தோற்ற இரண்டைச் சேர்த்தால் ஜெயிக்கவே ஜெயிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயிக்கும் என்பவர் மனிதரில் காட்ட வேண்டும். எலியைக் காட்டி என் பெரியப்பாவிடம் காசு வாங்கக்கூடாது.

*

எலியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனென்றால் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும் இடங்களில் பெரும்பாலும் அந்த 'ஆராய்ச்சி' எலிதான்.

1982-இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதில் எம்பிடிபி என்ற நச்சுக் கலப்பு இருந்தது. அது நேரே போய் டோபமின் செல்களைக் கொன்றிருந்தது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் அதைக் கண்டுபிடித்தார். அந்தத் துயரத்திலிருந்து ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு வழி கிடைத்தது: எலிக்கு எம்பிடிபி போட்டால் பார்க்கின்சன் மாதிரி ஒன்றைச் சில நாளில் வரவழைத்துவிடலாம்.

அதற்கப்புறம் உலகம் முழுக்க ஒரே வார்ப்பில் ஆய்வுகள் வந்தன. ஆரோக்கியமான எலியை எடு. செடியிலிருந்து பிரித்த பொருளை முதலில் கொடு. பிறகு, அல்லது கூடவே, விஷத்தைப் போடு. எத்தனை செல் பிழைத்தது என்று எண்ணு. எங்கள் ஊர் மாம்பழத்துக்குப் பேர் போன ஊர், அதனால் ஓர் உதாரணம் சொல்கிறேன். மாவிலையிலும் மரப்பட்டையிலும் மாங்கிஃபெரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது எம்பிடிபி போட்ட எலிகளின் டோபமின் செல்களைக் காப்பதாக 2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆரம்பம் அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் பெரியப்பாவுக்கு ஒருநாள் காலையில் விஷ ஊசி போட்டு இந்த வியாதி வரவில்லை. பல வருடம் சத்தமில்லாமல் நடந்த சாவு அது. அவர் செல்களுக்குள் ஆல்ஃபா-சினூக்ளின் என்ற புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கும். வழக்கமான எம்பிடிபி எலியில் அந்தக் கட்டிகள் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எலிக்கு விஷம் ஏறுவதற்கு முன்னாலேயே மருந்து கிடைக்கிறது. மனிதன் டாக்டர் வாசலுக்கு வரும்போதே பெரும்பங்கு போய்விட்டிருக்கிறது. வெள்ளம் வருவதற்கு முன் கரை கட்டிய கதையைச் சொல்லி, வெள்ளம் வடிந்த வீட்டில் செங்கல் விற்கிறார்கள்.

*

'சேர்க்கை' என்ற சொல்லுக்கு நியாயம் செய்வோம். பல பொருள்களைச் சேர்ப்பது முட்டாள்தனம் என்று நான் சொன்னால் அதுவும் பொய்.

டோபமின் செல் சாவதற்குக் காரணம் ஒன்றல்ல. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, புரதக் குப்பை சேர்கிறது, அழற்சி வருகிறது, இரும்பு தேங்குகிறது. நான்கு பக்கமும் ஓட்டை உள்ள கண்மாயில் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் போதாது, நான்கையும் ஒரே சமயத்தில் அடைக்க வேண்டும் என்கிற யோசனை நியாயமானது. பெரிய ஆய்வுகள் ஒற்றைப் பொருளைச் சோதித்ததாலேயே தோற்றிருக்கலாம் என்று வாதிடும் விஞ்ஞானிகள் உண்டு. நான் அவர்கள் பக்கம்தான்.

ஏனென்றால் பெரியப்பா நிறுத்திய அந்த மாத்திரையே ஒரு சேர்க்கை. லெவோடோபாவை மட்டும் விழுங்கினால் அதில் பெரும்பகுதி வயிற்றிலும் ரத்தத்திலுமே டோபமினாக மாறிவிடும். அப்படி மாறிய டோபமின் மூளைக்குள் நுழையாது. குமட்டலும் வாந்தியும்தான் மிச்சம். கார்பிடோபா அந்த மாற்றத்தை மூளைக்கு வெளியே தடுக்கிறது, தானோ மூளைக்குள் போவதில்லை. அதனால் குறைந்த அளவு லெவோடோபாவிலேயே வேலை நடக்கிறது. எதற்குச் சேர்த்தோம், எவ்வளவு சேர்த்தோம், சேர்த்ததால் என்ன மாறியது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட, ஒரு மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிற சேர்க்கை அது. அதில் இலைப் படம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இப்போது புட்டிச் சேர்க்கையை அதே மூன்று கேள்வியால் தட்டிப் பாருங்கள். பூனைக்காலியில் லெவோடோபா இருக்கிறது. கார்பிடோபா இல்லை. பக்கத்திலேயே வைட்டமின் பி6. லெவோடோபாவை டோபமினாக மாற்றும் நொதிக்குத் துணை நிற்பதே இந்த பி6-தான். கார்பிடோபா இல்லாத இடத்தில் பி6 கூடினால், மூளைக்குப் போக வேண்டிய லெவோடோபா வழியிலேயே கரைந்துபோகும். 1960-களின் கடைசியிலேயே டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். ஒரே புட்டிக்குள் ஒரு பொருள் இன்னொரு பொருளின் காலை வாரிவிடலாம். எவ்வளவு வாரிவிடும்? அளவுதான் எழுதவில்லையே.

மஞ்சளும் மிளகும் சேர்ந்திருப்பதற்காவது காரணம் உண்டு. மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் சேரும் அளவைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 1998-இல் பெங்களூரில் மனிதர்களிடமே காட்டியிருக்கிறார்கள். ஆனால் ரத்தம் வேறு, மூளை வேறு. ரத்தத்தில் கூடியது என்பதிலிருந்து மூளைச் செல் பிழைத்தது என்பதற்குப் போகிற வழியில் இன்னும் பாலமே கட்டவில்லை.

கூட்டு மருந்தை எப்படிச் சோதிப்பது என்று வெளிநாட்டுக்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதும் இல்லை. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானட்டோரியத்தில் வைத்துச் சத்தான சாப்பாடு போட்டால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். இங்கே 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை வீட்டிலும் ஒரு பிரிவை சானட்டோரியத்திலும் வைத்து, இருவருக்கும் ஐசோநியாசிட்-பாஸ் என்ற ஒரே கூட்டு மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது: நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அடுத்து, கூட்டு மருந்தா ஐசோநியாசிட் மட்டுமா என்பதையும் ஒப்பிட்டு 1960-இல் வெளியிட்டார்கள். உலகத்தின் காசநோய் சிகிச்சையே மாறியது. குலுக்கல், ஒப்பீடு, பின்தொடர்தல். அவ்வளவுதான் வித்தை. அதைச் செய்து காட்டிய ஊர்க்காரர்கள் நாம். இன்றைக்கு 'அபூர்வச் சேர்க்கை' என்ற லேபிளைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஃபார்வர்ட் பண்ணுகிறோம்.

*

"அப்ப நம்ம பூனைக்காலி பொய்யா?" என்று அண்ணன் கேட்டான். இல்லை. பூனைக்காலி பொய் சொல்லவில்லை. அதன் பேரால்தான் பொய் சொல்கிறார்கள்.

மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காயின் மேல் உள்ள பொன்னிறச் சுணை பட்டால் தோலைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும். அந்தக் காய்க்குள் இருக்கும் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர்கள் சென்னையில் வேலை பார்த்த தாமோதரனும் ராமசாமியும். மூளைக்கு டோபமின் எதற்கு என்று அப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதைக் காட்ட இன்னும் 20 வருடம் இருந்தது. லெவோடோபா பார்க்கின்சனுக்குத் தரமான சிகிச்சையாக நிலைபெற 30 வருடம். பெருமைப்பட வேண்டுமானால் இங்கே படலாம்: விதையை அரைத்து, பிரித்து, எடை போட்டு, அதில் இருப்பது இன்னதுதான் என்று பேர் சொன்ன வேலை இது. லேபிளில் அளவு போடாதவன் இந்தப் பரம்பரைக்கு வாரிசு இல்லை.

மரபு மருந்துச் சேர்க்கையையும் ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்கள். பூனைக்காலி விதை, குரோசாணி ஓமம், அமுக்கரா வேர், குறுந்தொட்டி வேர் நான்கையும் பாலில் கலந்து 18 பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்த ஆயுர்வேதச் சிகிச்சை பற்றி 2000-இல் ஒரு கட்டுரை வந்தது. முதலில் உடல் சுத்திகரிப்பும் பிறகு இந்த மருந்தும் பெற்றவர்களின் அசைவு நன்றாகவே தேறியது. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. கஷாயத்தை வேதியியல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஒரு வேளை மருந்தில் சுமார் 200 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது. குரோசாணி ஓமத்தில் இருப்பதோ, 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய டாக்டர்கள் நடுக்கத்துக்குக் கொடுத்துவந்த ஹயோசயமின் வகைப் பொருள். ஆக, அந்தச் சேர்க்கை வேலை செய்ததற்கு நல்ல காரணம் தெரிகிறது. அந்தக் காரணம், மாத்திரை வேலை செய்யும் அதே காரணம்: டோபமினை ஈடு கட்டுவது. செல்லைக் காத்ததாக அவர்கள் சொல்லவில்லை. ஈடு கட்டியதைச் சொன்னார்கள். இந்த நேர்மைதான் எனக்கு வேண்டும்.

லண்டனில் 2004-இல் 8 நோயாளிகளிடம் பூனைக்காலிப் பொடியையும் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 30 கிராம் பொடி சுமார் 35 நிமிடத்தில் வேலையைத் தொடங்கியது. மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. பொடியின் பலன் அரைமணிக்கும் கொஞ்சம் கூடுதலாகவே நீடித்தது. பொலிவியாவில் 2017-இல் 18 நோயாளிகளிடம் ஒற்றை வேளையாகக் கொடுத்தபோதும் மாத்திரைக்கு இணையாக நின்றது. மாத்திரை வாங்க முடியாத ஏழை நாட்டுக்கு இது பெரிய செய்தி. ஆனால் அதே குழு 14 பேரிடம் வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2018-இல் எழுதியதையும் படிக்க வேண்டும். பாதிப் பேர், 7 பேர், பொடியைத் தொடர முடியவில்லை. 4 பேருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. 3 பேருக்கு அசைவே மோசமானது. முந்தைய ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டும் வீடியோக்கள் நிறைய. பிந்தையதைச் சொல்லும் வீடியோவை நான் இன்னும் பார்க்கவில்லை.

*

இந்தப் புட்டி எங்கள் வீட்டுக்குள் வந்ததற்கு விற்றவன் மட்டும் காரணமில்லை.

மூன்று நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் டாக்டர்களும் காரணம். "இது காலம் பூராவும் போடணும், திடீர்னு நிறுத்தக்கூடாது, நிறுத்தினா ஆபத்து" என்று ஒரு வரி தமிழில் சொல்லியிருந்தால் பெரியப்பா நிறுத்தியிருக்கமாட்டார். போதாக்குறைக்கு, லெவோடோபா அஞ்சு வருஷம்தான் கேட்கும், சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயமும் பரவிக் கிடக்கிறது. நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, முன்கூட்டியே ஆரம்பித்தவர்களுக்கும் தள்ளி ஆரம்பித்தவர்களுக்கும் ஒன்றரை வருட முடிவில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. மாத்திரை செல்லைக் காக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. கானாவில் மருந்து கிடைக்காமல் தாமதமாகத் தொடங்கியவர்களை இத்தாலிக்காரர்களோடு ஒப்பிட்ட 2014 ஆய்வும், பிந்தைய சிக்கல்களுக்கு நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதும் மருந்தின் அளவும்தான் முக்கியம், மருந்தை எத்தனை வருடமாக எடுக்கிறோம் என்பது அல்ல என்றது. இதை நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஆளில்லாத இடத்தில் கல்யாண வீட்டு வைத்தியர் வந்து உட்காருகிறார்.

சட்டமும் காரணம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் மூளை நோய்கள் இருக்கின்றன. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்கள் என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் பார்க்கின்சன் பேரே இருக்கிறது. ஆனால் 'உணவுச் சேர்க்கை' என்று பேர் மாற்றி, 'குணப்படுத்தும்' என்பதை எடுத்துவிட்டு 'காக்கும்' என்று போட்டால் சந்துக்குள் புகுந்து வந்துவிடலாம். அந்தச் சந்துக்குள்தான் வியாபாரம் முழுவதும் நடக்கிறது.

கடைசியாக நாம். சதுரகிரி அடிவாரத்தில் தாணிப்பாறைக்கு அமாவாசைக்குப் போய்வருகிற நம் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருக்கிறது: இந்த மலையில் எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது, நம் ஆட்களுக்கு அது தெரியும், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான். படித்தவர்களுக்கு இந்த ஆசை இன்னும் நாசூக்காக வருகிறது. மரபு, மண், காலனியம் என்று பெரிய வார்த்தைகளைப் போர்த்திக்கொண்டு வருகிறது. எனக்கும் மலை மேல் பிரியம் உண்டு. ஆனால் மலையை மதிக்கிறேன் என்பவன் அதன் விதையை அளக்கவும் சோதிக்கவும் பணம் கேட்டுப் போராட வேண்டும். அளக்காமல் புகழ்கிறவன் புட்டிக்காரனுக்குச் சம்பளமில்லாத ஏஜெண்ட்.

செல்லைக் காப்பதில் உண்மையான அக்கறை இருந்தால் போய் நிற்க வேண்டிய இடம் வயல்வரப்பு. பார்க்கின்சன் எலி செய்ய ஆய்வுக்கூடத்தில் ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தையும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும்கூடப் பயன்படுத்துகிறார்கள். இவற்றைக் கையாண்டவர்களில் பார்க்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டதாக அமெரிக்க விவசாயத் தொழிலாளர் ஆய்வொன்று 2011-இல் சொன்னது. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லை. கையுறை இல்லாமல், முகத்தை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் நம் ஆளின் மூளைச் செல்லைப் பற்றி எந்த லேபிளும் கவலைப்படுவதில்லை. அவரிடம் புட்டி வாங்கக் காசு இருக்காது.

நான் கேட்பது மூன்று. ஒன்று, பூனைக்காலி உள்ள ஒவ்வொரு பொருளிலும் லெவோடோபா எத்தனை மில்லிகிராம் என்று தமிழில் அச்சிட வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அது இரட்டை டோஸ். இரண்டு, மனிதரில் நிரூபிக்காத வரை 'மூளைச் செல்லைக் காக்கும்' என்ற வாக்கியம் எந்தப் புட்டியிலும் இருக்கக் கூடாது. மூன்று, சித்த, ஆயுர்வேதச் சேர்க்கைகளை 1950-களில் சென்னையில் செய்த மாதிரி அரசு செலவில், குலுக்கல் முறையில் சோதிக்க வேண்டும். ஜெயித்தால் முதல் ஆளாக நானே கொண்டாடுவேன்.

அதுவரை, உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், எந்தச் சூரணத்துக்காகவும் அதை ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். சூரணம் எடுக்கிறார்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நாற்காலியிலிருந்து தானே எழுந்தார். அலமாரியைக் கைகாட்டி, "அந்தப் புட்டியத் தூக்கிப் போடச் சொன்னேன், உங்க அண்ணன் கேக்க மாட்டேங்கான். ஆயிரத்து முந்நூறு ரூவாய்யா, எப்படிப் போடுறதுங்கான்" என்று சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.